வெப்பாலை உறையில் ஒரு வாள்

எங்கள் ஓமலூர்ப் பக்கத்துக் குடும்பங்களில் தலைமுறை தாண்டி வரும் பொருட்கள் பெரும்பாலும் புழங்குபொருட்களாகவே இருக்கும். ஆட்டுக்கல், பித்தளை அண்டா, தேக்குப் பெட்டி, மடிப்பில் கிழிந்த கிரயப் பத்திரம், சில வீடுகளில் பாட்டனார் காலத்து வெட்டரிவாள். அவற்றைப் பாரம்பரியச் சொத்து என்று எவரும் அழைப்பதில்லை. பிடி உடைந்தால் புதுப்பிடி போடுவார்கள். விரிசல் கண்டால் பற்றவைப்பார்கள். பொருள் தொடர்ந்து புழங்கும். எங்கள் வீட்டில் இந்த வரிசையில் சேராத ஒன்றும் இருக்கிறது. ஜப்பானிய ராணுவ அதிகாரி ஒருவரின் வாள். 1946-இல் தாத்தா மலாயாவிலிருந்து கொண்டுவந்தது. அவரிடமிருந்து அப்பாவுக்கும், அப்பாவிடமிருந்து உடன்பிறந்தோர் மூவரான எங்களுக்கும் பொதுவில் வந்து சேர்ந்தது. பாகம் பிரித்தபோது நிலத்தையும் வீட்டையும் பங்கிட்டுக்கொண்ட நாங்கள் இதை மட்டும் அப்படியே விட்டுவைத்தோம். வாளைப் பங்கிட முடியாது என்பது ஒரு காரணம். இதை என்ன செய்வதென்று எங்களில் எவருக்கும் தெளிவில்லை என்பது மற்றொன்று. கடந்த ஐந்தாண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி இதற்குப் பிடியும் உறையும் செய்யும் வேலையில் ஈடுபட்டிருக்கிறோம். பொழுதுபோக்காகத் தொடங்கிய அந்த வேலைதான் அந்தத் தெளிவையும் சிறிது சிறிதாகக் கொடுத்தது.

தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படையில் இருந்தவர். பாலம் கட்டுவதும் சாலை போடுவதும் கண்ணிவெடி அகற்றுவதும் அந்தப் படையின் பணிகள். 1945 செப்டம்பரில் இந்தியத் துருப்புகள் மலாயாவின் மேற்குக் கரையில் மோரிப், போர்ட் டிக்சன் கடற்கரைகளில் இறங்கியபோது ஜப்பான் ஏற்கெனவே சரணடைய ஒப்புக்கொண்டிருந்தது. செப்டம்பர் 12 அன்று சிங்கப்பூரிலும் மறுநாள் கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளியிலும் சரணடைவுப் பத்திரங்கள் கையெழுத்தாயின. ஜப்பானிய அதிகாரிகள் தங்கள் வாள்களைப் பலர் முன்னிலையில் கையால் ஒப்படைக்க வேண்டும் என்பதில் தென்கிழக்கு ஆசிய நேசப்படைகளின் தலைவர் மவுண்ட்பேட்டன் உறுதியாக இருந்தார். அந்த ஆண்டு நவம்பர் 30 அன்று சைகோனில் ஃபீல்டு மார்ஷல் தெராவுச்சியே தம் வாள்களை அவரிடம் ஒப்படைத்தார். பெரிய தலைவர்களின் வாள்கள் அரண்மனைகளுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் போயின. சிறிய அதிகாரிகளின் வாள்கள் குவியலாகக் கிடந்து, கைமாறி, நினைவுப்பொருளாக உலகெங்கும் சிதறின. அவற்றில் ஒன்றுதான் எங்கள் வீட்டுக்கு வந்தது. தாத்தா அதைப் பற்றி வீரக்கதை எதுவும் சொன்னதில்லை. கேட்டவர்களிடமெல்லாம் ஒரே பதில்தான்: “சண்டையில புடிச்சது இல்லப்பா. அடுக்கி வெச்சிருந்ததுல ஒண்ணு. தொரை எடுத்துக்கன்னாரு, எடுத்துக்கிட்டேன்.”

ஆயினும் அந்த வாள் எங்கள் வீட்டில் சாதாரணமாக நுழைந்துவிடவில்லை. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் திரட்டிய மாவட்டங்களில் சேலமும் ஒன்று. தாத்தாவின் அக்கா 1937-இல் கணவருடன் பேராக் பகுதித் தோட்டம் ஒன்றுக்குப் போனார். 1942-இல் மலாயா முழுவதும் ஜப்பானியர் வசமானது. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீள ரயில்பாதை அமைக்க அவர்கள் போர்க்கைதிகளையும் தோட்டத் தொழிலாளர்களையும் கொண்டுசென்றார்கள். 1943 அக்டோபரில் பாதை இணைந்தது. அதற்குள் காலராவிலும் பசியிலும் அடியிலும் மாண்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலைப் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அக்காவின் கணவர் 1943-இன் தொடக்கத்தில் லாரியில் ஏற்றப்பட்டார். திரும்பவில்லை. 1945 இறுதியில் தாத்தா விடுப்பு எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகத் தேடி அக்காவைக் கண்டுபிடித்தபோது அவர் இரண்டு குழந்தைகளோடு தனியாக இருந்தார். ஊருக்கு வர மறுத்துவிட்டார். தாத்தா அக்காவின் செய்தியையும் வாளையும் ஒன்றாகத்தான் ஓமலூருக்குக் கொண்டுவந்தார்.

எங்கள் அப்பாயி அதை வாசலிலேயே நிறுத்தினாராம். “எங்க நாத்தனா தாலியறுத்தவனுங்க கத்தி எனக்கெதுக்கு?” என்று அவர் கேட்டதாக அத்தைகள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். தாத்தா பதில் சொல்லவில்லை. வாள் சாமி அறைக்குள் போகக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில் அட்டாலிக்குப் போனது. அப்பாயி உயிரோடிருந்த வரை அங்கேயே இருந்தது.

அட்டாலி உலோகத்துக்கு ஆகலாம். தோலுக்கும் பட்டுக்கும் ஆகாது. ஜப்பானிய ராணுவம் 1934-இல் அதிகாரிகளுக்காக வகுத்த வாள், பழங்காலச் சாமுராய்கள் இடுப்பில் தொங்கவிட்ட வாளின் சாயலில் அமைந்தது. மரப்பிடியின்மேல் திருக்கை மீனின் சொரசொரப்பான தோல், அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பட்டுநாடா, கைக்காப்பில் செர்ரிப்பூக்கள். போர்க்களத்துக்கான உறையில் தோல் போர்த்தியிருக்கும். பத்தாண்டுகளில் நாடா இற்றது, தோலைக் கரையான் தின்றது. 1950களின் நடுவில் தாத்தா தம் நண்பரான ஆசாரி ஒருவரைக் கொண்டு பூவரச மரத்தில் புதுப்பிடி போட்டார். பிடி பிளக்காமலிருக்க உடைந்த செம்பின் கழுத்தை அறுத்துப் பூணாக மாட்டினார் ஆசாரி. அரிவாளுக்குப் போடும் அதே பூண். பிடியின் அடியில் தாத்தாவின் பெயரெழுத்துகளை உளியால் செதுக்கினார்.

அப்பாவின் காலம் வேறு. அப்பாயி மறைந்த பின் 1980களில் அவர் வாளை அட்டாலியிலிருந்து இறக்கினார். சேலம் வெள்ளிக்கொலுசுக்குப் பெயர்பெற்ற ஊர். கொலுசுப் பட்டறை ஒன்றில் மாங்காய் வேலைப்பாடு கொண்ட வெள்ளித் தகடுகள் செய்வித்து உறையில் பதித்தார். வாளின் வயது அவர் வாயில் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போய் அறுநூறில் நின்றது. ஆயுத பூஜையன்று சாமி படங்களுக்கு முன்னால் வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, முனையில் எலுமிச்சம்பழம் குத்திவைப்பார். இரும்புக்கு இதைவிடக் கேடு வேறில்லை. எலுமிச்சையின் புளிப்பு எஃகை அரிக்கும். ஈரக் குங்குமம் பூசிய இடத்தில் துரு பிடிக்கும். முனையிலிருந்து நான்கு விரற்கடை தூரத்துக்கு இன்றும் அம்மைத் தழும்பு போன்ற குழிகள் இருக்கின்றன.

அந்நிய வாளுக்கு உள்ளூர்ப் பிடி போடுவது எங்கள் தாத்தா கண்டுபிடித்த வழக்கமன்று என்பதைப் பின்னர் அறிந்துகொண்டோம். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய வாள்கள் கடல்வழியாகத் தென்னிந்தியாவுக்கு வந்து குவிந்தன. அவற்றின் அலகுகளை இங்குள்ள கொல்லர்கள் தங்கள் கைப்பிடிகளில் பொருத்தினார்கள். அத்தகைய வாளுக்கு ‘ஃபிரங்கி’ என்றே பெயர் விழுந்தது. தஞ்சை அரண்மனைப் படைக்கலச் சாலையின் கட்டாரிகள் பலவற்றில் யாளி முகமும் கொடிவேலையும் கொண்ட பிடி தமிழ்நாட்டுக் கம்மியருடையது, அலகு ஐரோப்பாவினுடையது. தஞ்சை அரசு ஆங்கிலேயர் கைக்குப் போன பின், 1860களில் அந்தப் படைக்கலச் சாலை கலைக்கப்பட்டது. தேர்ந்தெடுத்த சில சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. பெரும்பகுதி பழைய இரும்பாக உடைக்கப்பட்டது. எழும்பூரில் கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கட்டாரிகளைப் பார்த்தபோது, எங்கள் வாளின் பூவரசம்பிடியை ஒரு குறையாக எண்ணும் பழக்கம் எங்களை விட்டு அகன்றது.

வேலையைத் தொடங்கியபோது எங்கள் நோக்கம் எளியது. தளர்ந்த பிடியை இறுக்க வேண்டும், வாளின் வயதை அறிய வேண்டும். ஜப்பானிய வாளில் பிடியை அலகோடு பிணைப்பது ஒரேயொரு மூங்கில் முளை. ஆசாரி அதன் இடத்தில் இரும்பாணி அடித்திருந்தார். அதை எடுத்துப் பிடியைக் கழற்றியதும் காம்பு வெளிப்பட்டது. பிடிக்குள் மறைந்திருக்கும் இந்தப் பகுதியில்தான் ஜப்பானியக் கொல்லர் தம் பெயரையும் சில சமயம் ஊரையும் நாளையும் வெட்டுவார். அதன்மேல் படியும் கறுத்த துருவை அங்கே எவரும் அகற்றுவதில்லை. அலகைத் தீட்டுவதற்கென்றே பல ஆண்டுகள் பயின்ற கைவினைஞர்கள் உண்டு. அவர்களும் காம்பைத் தொடுவதில்லை. துருவின் நிறமும் தடிப்பும் பார்த்தே வயதைக் கணிப்பார்கள். காம்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கிய வாள் தன் பிறப்புச் சான்றைத் தொலைத்த வாள்.

எங்கள் வாளின் காம்பில் துரு மெலிதாகத்தான் இருந்தது. கொல்லர் பெயருக்கு மேலே சிறிய முத்திரை ஒன்று குத்தியிருந்தது. நூல்களிலுள்ள படங்களோடு ஒப்பிட்டதில் அது செகி என்னும் ஊரின் பெயரைக் குறிக்கும் எழுத்து என்று தெரிந்தது. செகி பல நூற்றாண்டுகளாக வாள் அடிக்கும் ஊர். போர்க்காலத்தில் ராணுவத்துக்காக வாள்களைப் பெருமளவில் உற்பத்தி செய்த ஊரும் அதுவே. அந்த முத்திரை போர்க்கால உற்பத்தியின் அடையாளம். அப்பாவின் அறுநூறு ஆண்டுகள் ஓர் எழுத்தில் கரைந்தன.

மரபான முறையில், ஆற்று மணலிலிருந்து பிரித்த இரும்புத்தாதுவைக் கரியோடு மண் உலையில் மூன்று இரவும் மூன்று பகலும் எரித்து எஃகு எடுப்பார்கள். அந்த எஃகைப் பலமுறை மடித்து மடித்து அடிப்பார்கள். களிமண்ணை முதுகில் தடிப்பாகவும் வாயில் மெலிதாகவும் பூசி, காய்ச்சி, நீரில் தோய்ப்பார்கள். வாய் விரைவாகக் குளிர்ந்து கடினமாகும். முதுகு நெகிழ்வாக இருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் பனி படர்ந்தாற்போல ஒரு கோடு விழும். போர்க்கால வாள்களில் பெரும்பாலானவை ஆலை எஃகுப் பட்டையிலிருந்து அடித்து எண்ணெயில் தோய்த்தவை. எங்களுடையதும் அப்படித்தான் என்று இத்துறை அறிந்தவர்கள் படங்களைப் பார்த்துச் சொன்னார்கள்.

மணலில் இரும்பெடுக்கும் முறை எங்கள் பக்கத்துக்கு அந்நியமானதன்று. ஓமலூருக்குத் தெற்கே இருக்கும் கஞ்சமலை முழுவதும் காந்த இரும்புத்தாது. சேலத்துக் கொல்லர்கள் தேனிரும்புத் துண்டை ஆவாரைச் சுள்ளியோடு மூசையில் இட்டு, எருக்கிலையால் மூடி, களிமண் அடைத்து, ஊதி உருக்கு எடுத்ததை ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830களில் விவரித்திருக்கிறார். அவரே 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கி, சேலத்துத் தாதுவை அங்கே கொண்டுபோனவர். அதற்கு வெகுகாலம் முன்பே இங்கே வாள் இருந்தது. மேட்டூர் வட்டாரத்தில் தெலுங்கனூர்ப் பெருங்கற்கால ஈமச்சின்னம் ஒன்றில் கிடைத்த இருபுறமும் கூருள்ள வாளைப் பேராசிரியர் கா. ராஜனும் கொரிய உலோகவியலாளர் பார்க் ஜாங்-சிக்கும் ஆராய்ந்து, அது மிகுகரிம எஃகால் ஆனது என்று 2020-இல் வெளியிட்டார்கள். அதன் காலம் பொ.மு. 1435-க்கும் 1233-க்கும் இடைப்பட்டது. அந்த மக்கள் வாளை வாரிசுக்குக் கொடுக்கவில்லை. உடையவரோடு புதைத்தார்கள். எங்கள் வாளை என்ன செய்வது என்று பேசியபோதெல்லாம் இந்தச் செய்தியும் பேச்சில் வந்துகொண்டே இருந்தது. அப்பாயிக்கு அது ஏற்ற முடிவாக இருந்திருக்கும்.

எங்கள் முன் இருந்த வேறு வழிகளும் எளிதானவையாக இல்லை. காம்பில் குடும்பப் பெயர் ஏதேனும் இருந்தால் ஜப்பானில் அந்தக் குடும்பத்தைத் தேடித் திருப்பிக்கொடுக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கு எண்ணம் இருந்தது. பெயர் கொல்லருடையது மட்டுமே, அதிகாரியுடையது இல்லை. மேலும் ஜப்பானில் வாள் வைத்திருக்கப் பதிவுச் சான்று வேண்டும். 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மரபு முறையில் அடிக்கப்பட்ட, கலைமதிப்புள்ள வாளுக்கே அச்சான்று கிடைக்கும். ஆலை எஃகு வாளைக் கொண்டுபோனால் அங்கே அது அழிக்கப்படும். ஆக, பிறந்த நாட்டில் இந்த வாளுக்கு இடமில்லை. பழம்பொருள் வணிகர் ஒருவர் வேறு யோசனை சொன்னார். பூவரசம்பிடியையும் வெள்ளித் தகட்டையும் நீக்கிவிட்டு, இணையத்தில் கிடைக்கும் புதிய பட்டுநாடா, திருக்கைத்தோல், கைக்காப்பு எல்லாம் வாங்கிப் பொருத்தினால் அசல் சாமுராய் வாளாகவே தோன்றும், விலையும் ஏறும் என்றார். சாணை பிடிப்பவர் ஒருவர் எந்திரச் சக்கரத்தில் ஒரு மணி நேரத்தில் கண்ணாடியாக்கித் தருவதாகச் சொன்னார். இரண்டுக்கும் நாங்கள் இசையவில்லை. அப்படிச் செய்தால் மலாயாவும் அட்டாலியும் ஆசாரியும் கொலுசுப் பட்டறையும் மறைந்து, எந்த வீட்டுக்கும் சொந்தமில்லாத ஒரு காட்சிப்பொருள் எஞ்சும்.

வழி ஜப்பானிய வழக்கத்திலேயே இருந்தது. அங்கே ஒரே அலகுக்குத் தலைமுறைக்கு ஒரு முறைகூடப் பிடியும் உறையும் மாற்றுவார்கள். அலகு உடல், மற்றவை உடை. பயன்படுத்தாத காலத்தில் அலகை வண்ணமோ உலோகமோ இல்லாத வெறும் மரப்பிடியிலும் உறையிலும் ஓய்வாக வைப்பார்கள். ஷிராசாயா, அதாவது வெள்ளுறை, என்று பெயர். அப்போது அலங்காரப் பிடியும் உறையும் அலகின் வடிவில் செதுக்கிய மரத்துண்டில் கோக்கப்பட்டுத் தனியே பாதுகாக்கப்படும். இதைப் படித்த அன்றே எங்கள் வேலை முடிவாகிவிட்டது.

வெள்ளுறைக்கு ஜப்பானில் ஹோ என்னும் ஒருவகை மக்னோலியா மரம். மென்மையானது, அலகைக் கீறாது. இங்கே அதற்கு ஈடாக எங்களுக்குத் தோன்றியது வெப்பாலை. சேர்வராயன் மலையடிவாரத்தில் வளர்வது. வெண்மையான, நுண்ணிய இழையுள்ள மரம். சென்னபட்டணத்துப் பொம்மைகள் இதில் கடைந்தவையே. இரண்டாண்டு நிழலில் உலர்த்தி, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, அலகின் வளைவுக்கேற்ப உளியால் குடைந்தோம். அலகு உறையின் சுவரில் எங்கும் உரசக் கூடாது. பிடியருகே உள்ள செப்புப் பட்டை மட்டுமே உறைவாயைக் கவ்வ வேண்டும். மழைக்காலத்தில் ஊதியும் கோடையில் சுருங்கியும் மரம் தன் போக்கைக் காட்டும். அதற்கு இடம்விட்டே இழைக்க வேண்டும். இரு பாதிகளையும் ஆணியோ பிசினோ இன்றிச் சோற்றுப் பசையால் ஒட்டினோம். ஜப்பானிலும் அதுவே முறை. பிற்காலத்தில் உள்ளே துரு சேர்ந்தால் ஒட்டைப் பிரித்துச் சுத்தம் செய்யலாம். முளைக்கு நன்கு காய்ந்த கல்மூங்கில். அலகைப் பொறுத்தவரை உப்புத்தாளை அதன் அருகே கொண்டுபோகவில்லை. செந்துருவை மட்டும் எண்ணெயில் நனைத்த பருத்தித் துணியால் மாதக்கணக்கில் துடைத்து எடுத்தோம். எலுமிச்சைக் குழிகள் அப்படியே இருக்கின்றன. தேங்காயெண்ணெய் நாளாகச் சிக்குப் பிடிக்கும் என்பதால் தையல் எந்திர எண்ணெயை ஆண்டுக்கு இருமுறை மெலிதாகப் பூசுகிறோம்.

தாத்தாவின் பிடியும் அப்பாவின் வெள்ளி உறையும் இப்போது மர அலகு ஒன்றில் கோக்கப்பட்டிருக்கின்றன. ஆயுத பூஜைக்குச் சாமி அறையில் இருப்பது அதுதான். குங்குமமும் எலுமிச்சையும் அதற்கே. குழந்தைகள் கேட்டால் கையில் கொடுக்கிறோம். அலகு வெப்பாலை உறையில் சாமி அறைக்கு வெளியே, தேக்குப் பெட்டியில் கிடக்கிறது. அப்பாயியின் நிபந்தனை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் நடப்புக்கு வந்திருக்கிறது.

ஒரு வேலை மட்டும் மிச்சமிருந்தது. வெள்ளுறையின்மேல் அலகின் வரலாற்றை மையால் எழுதிவைப்பதும் ஜப்பானிய வழக்கம். என்ன எழுதுவது என்பதில் எங்களுக்குள் ஒத்த கருத்து வரவில்லை. தாத்தாவின் பெயர் என்றார் ஒருவர். அது பூவரசம்பிடியிலேயே இருக்கிறது என்றார் மற்றவர். 2024-இல் மலேசியாவிலிருந்து தாத்தாவின் அக்கா பேரன் எங்களைப் பார்க்க வந்தார். வாளை எடுத்துக் காட்டத் தயங்கினோம். அவரே கேட்டார். உறையிலிருந்து ஒரு சாண் மட்டும் உருவிப் பார்த்துவிட்டு, “இத வெச்சிருக்கிறதுல தப்பில்ல மச்சான். ஆனா யாருக்காக வெச்சிருக்கீங்க?” என்றார். காஞ்சனபுரியில் ஏறத்தாழ ஏழாயிரம் போர்க்கைதிகளுக்குப் பெயரோடு கல்லறைகள் உண்டு என்றும், தம் தாத்தாவைப் போன்ற தோட்டத் தொழிலாளர்களுக்கு அப்படி எதுவும் இல்லையென்றும், 2023-இல்தான் தமிழர்கள் அங்கே ஒரு நடுகல் எழுப்பினார்கள் என்றும் சொன்னார். அவர் பாட்டியிடம் கேட்டு எழுதிவைத்திருந்த தாள் ஒன்றில் அந்த மனிதரின் முழுப்பெயரும் லாரி வந்த மாதமும் இருந்தன. எங்கள் வீட்டில் அவரை ‘மலாயாக்காரர்’ என்றுதான் சொல்லிவந்தார்கள். அவர் பெயரை அன்றுதான் அறிந்தோம்.

உறையில் இப்போது மூன்று வரிகள் இருக்கின்றன. முதல் வரியில் அந்தப் பெயரும், பேராக்கிலிருந்து சயாம் பாதைக்கு, 1943, திரும்பவில்லை என்பதும். இரண்டாவது வரியில் செகி, மலாயா 1945, ஓமலூர் 1946. எங்களுக்குப் பின் இதைத் திறப்பவர்கள் விரும்பினால் வேறு மரத்தில் வேறு உறை செய்துகொள்ளட்டும். அந்த உரிமையோடுதான் எங்களுக்கும் இது வந்தது. அவர்களுக்காக எழுதியது மூன்றாவது வரி: முதல் வரியைப் புது உறைக்கும் மாற்றி எழுதவும், காம்பில் உள்ள துருவைத் துடைக்க வேண்டாம்.